காலையில் சிகிரியா, இரவில் கொழும்பு: வடசென்னையிலிருந்து போய் வருகிறவர்களுக்கு

காசிமேட்டில் மீன் ஏலம் பாதி முடிந்திருக்கும் நேரத்தில், அதாவது காலை ஆறேகாலுக்கெல்லாம், நீங்கள் இலங்கையின் பழைய பாறை அரண்மனையான சிகிரியாவின் டிக்கெட் கவுன்ட்டர் வாசலில் நிற்க வேண்டும். இலங்கைப் பயணத்தில் இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அன்றே சாயங்காலம் ஐந்தரைக்குக் கொழும்பு காலி முகத்திடலில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. இரண்டுக்கும் நடுவில் வருகிற உச்சிப் பகலை வெயிலுக்கே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பஸ்ஸில் போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம், பாறை மட்டும் ஏறக் கூடாது.

இதை நாங்கள் ஒரு தடவை தவறவிட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் பயணத்தில் நான், என் மனைவி, மச்சான், மச்சானின் பன்னிரண்டு வயது மகள் என்று நான்கு பேர். இறங்கிய அன்றே கொழும்பில் நள்ளிரவு தாண்டிச் சுற்றிவிட்டு, மறுநாள் எட்டு மணிக்கு எழுந்து வேன் பிடித்து, பாறையடிக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. இரும்புப் படியின் கைப்பிடியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. சிங்கப் பாதம் இருக்கிற மேடையில் உட்கார்ந்த மச்சான், "நீங்க போயிட்டு வாங்க மாமா, எனக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டார், பாப்பாவும் அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவ்வளவு தூரம் போய், உச்சி கண்ணுக்கு நேரே தெரியும்போது அவர்கள் ஏறாமல் திரும்பியது எனக்கு ரொம்ப நாள் மனதில் கிடந்தது. அதனால் மறுபடியும் நால்வரும் போனோம், வரிசையை அப்படியே மாற்றினோம்: பாறை முதலில், ஊர் சுற்றுவது கடைசியில். அந்த இரண்டாவது பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம்ம பக்கத்தில் முதல் வெளிநாடு என்றால் சிங்கப்பூர், துபாய், தாய்லாந்து என்றுதான் பேச்சு ஓடும். கொழும்புக்கு விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள், காலை நெரிசலில் மணலியிலிருந்து தாம்பரம் போக அதைவிட அதிக நேரம் ஆகும். கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். விமான நிலையத்தில், சாலையில், அரசு அலுவலகத்தில் எங்கே பார்த்தாலும் பலகையில் சிங்களத்துக்குக் கீழே தமிழ் இருக்கும். ஆங்கிலம் பேசத் தயங்குகிற பெரியவர்களை முதல் தடவை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு முன்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். அப்புறம் இ.டி.ஏ. என்கிற பயண அனுமதியை இலங்கை அரசின் இணையதளத்திலேயே நீங்களே போட்டுக்கொள்ளலாம், ஒரு விண்ணப்பப் படிவம், அவ்வளவுதான். இந்தியர்களுக்கான கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால், யாரோ சொன்னதை நம்பாமல், விமான டிக்கெட் போடுகிற வாரத்தில் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். அரசு தளம் மாதிரியே தெரிகிற தனியார் தளங்களும் உண்டு. முதல் தடவை நாங்கள் ஒரு ஏஜென்ட் மூலமாகப் போனதில் வாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வாங்கிவிட்டார்கள், ரசீது கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

தேதி குறிப்பதற்கு முன் வீட்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியை எடுத்துப் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்கிற அரசு விடுமுறை நாள். அன்று மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும், சிகிரியாவில் உள்ளூர்க் கூட்டம் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கும். இரவு நேரத்தில் ஒரு கிளாஸோடு உட்கார நினைக்கிறவர்கள் இந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் மே மாதப் பௌர்ணமி வேறு விஷயம். அது வெசாக், புத்தர் பிறந்த நாள் விழா. ஊர் முழுக்கக் காகிதக் கூண்டு விளக்குகள், பெரிய தோரணங்கள், தெருவில் பந்தல் போட்டு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு. ஆடி மாதத்தில் நம்ம தெரு அம்மன் கோயில் கூழ் வார்ப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசையில் நிற்பது புதிதாகவே இருக்காது. குடும்பத்தோடு போகிறவர்கள் வெசாக்கைக் குறிவைத்தே போகலாம், அறை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

மழை விஷயத்தில் நமக்கு வருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் சிகிரியா பக்கமும் மழையைக் கொண்டுவருகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாறை வழுக்கும். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. ஏப்ரலில் ஒரு எச்சரிக்கை: சித்திரை முதல் நாளைத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே கொண்டாடுவதால், அந்த இரண்டு மூன்று நாள் கொழும்பில் பாதிக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் மூடிக் கிடக்கும், பஸ்ஸில் ஏற இடமிருக்காது.

கால்களைப் பழக்குவது

சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். தரையிலிருந்து பாறை உயர்ந்து நிற்பது கிட்டத்தட்ட 180 மீட்டர். நாம் குடியிருப்பதோ மேடு பள்ளமே இல்லாத கடலோரம், தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் ஏறிப் பழக ஒரு குன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு மாதம் செய்தது இதுதான்: மெட்ரோவில் எங்கே போனாலும் நகரும் படியைத் தொடக் கூடாது, சாதாரணப் படிதான். மண்ணடி ஸ்டேஷன் பூமிக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் அங்கே இரண்டு முறை ஏறி இறங்கினாலே தொடை பேசும். வீட்டுப் பக்கம் ரயில் பாதைக்கு மேலே நடைமேம்பாலம் இருந்தால் சாயங்காலம் பத்து தடவை ஏறி இறங்குங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்தோ வியாசர்பாடி ஜீவாவிலிருந்தோ லோக்கல் ட்ரெயின் பிடித்துத் திருத்தணி போய் 365 படியும் ஏறிப் பாருங்கள். அதில் மூச்சு வாங்கவில்லை என்றால் அடுத்த ஞாயிறு சோளிங்கர். பெரிய மலைக்கு 1,305 படி, சிகிரியாவைவிடக் கொஞ்சம் அதிகமே. இப்போது ரோப்கார் வந்துவிட்டது, அதில் ஏறிவிடாமல் நடந்தே போங்கள். சோளிங்கரை இடையில் நான்கு தடவை உட்கார்ந்து ஏறியவர்கூடச் சிகிரியாவை ஏறிவிடுவார், இது மச்சானை வைத்து நான் நேரில் பார்த்தது.

துணிக்கு எம்.சி. ரோடு போதும். முழங்காலை மூடுகிற மெல்லிய பருத்திக் கால்சட்டை, தோளை மூடுகிற சட்டை. பிடிமானம் இருக்கிற ஷூ, அது புதிதாக இருக்கவே கூடாது, ஒரு மாதமாவது போட்டு நடந்ததாக இருக்க வேண்டும். அங்கே நிறைய இடங்களில் சதுர முள் பிளக்தான் இருக்கும், பர்மா பஜாரில் ஒரு அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்குப் போக நமக்குத்தான் அதிர்ஷ்டம்: விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி என்று எங்கே ஏறினாலும் நீல வழித்தடத்தில் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். விடியற்காலை விமானம் என்றால் மட்டும் மெட்ரோ கிளம்பியிருக்காது, முந்தின இரவே வண்டி சொல்லி வையுங்கள்.

இறங்கியதும் கொழும்புக்குள் போகாதீர்கள்

விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். வெளியே வரும் வழியிலேயே சிம் கார்டும் பணம் மாற்றும் கவுன்ட்டரும் இருக்கின்றன. நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும், அதனால் விலைப் பலகையைப் பார்த்ததும் பதறாமல் மூன்றால் வகுத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம்ம யூ.பி.ஐ. அங்கே சில கடைகளில் செல்கிறது, ஆனாலும் சாலையோரக் கடைக்கும் பஸ்ஸுக்கும் கையில் நோட்டு வேண்டும்.

நான்கு பேர் இருந்தால் அங்கிருந்தே கார் பேசி, குருநாகல் வழியாகத் தம்புள்ளை, அங்கிருந்து சிகிரியா. நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்கள் கொழும்பு புறக்கோட்டை போய், தம்புள்ளை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, தம்புள்ளையில் சிகிரியா பஸ் மாறலாம், செலவு மிகக் குறைவு, நேரம் கூடும். எப்படிப் போனாலும் இருட்டுவதற்குள் சேர்ந்துவிடுங்கள். சிகிரியாவைச் சுற்றி இருப்பது யானைக் காடு. பொழுது சாய்ந்த பிறகு சாலையில் யானை நிற்பது அங்கே சாதாரணம், ஊர்க்காரர்களே அந்த நேரத்தில் நடந்து போக மாட்டார்கள். தங்குவதற்குக் கிராமத்திலேயே வீட்டோடு சேர்ந்த அறைகள் நிறைய உண்டு. இரவு பத்து வகைக் கறியோடு சோறு போடுவார்கள், பலாக்காய்க் கறியை விட்டுவிடாதீர்கள். அலாரம் ஐந்து மணிக்கு.

பாறை

கவுன்ட்டர் காலை ஆறரைக்குத் திறக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள், ஏனென்றால் வெளிநாட்டவர் கட்டணம் டாலர் கணக்கு, சார்க் என்கிற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக்காரர்களுக்கு அதில் தள்ளுபடி உண்டு, இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டிக் கேட்டால்தான் கொடுப்பார்கள். அருங்காட்சியகத்துக்கும் அதே டிக்கெட்தான், அதைக் கிழித்துப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.

ஏன் அவ்வளவு காலையில் என்று கேட்டால், கூட்டம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் நிழல். நுழைவாயிலும் நீர்த் தோட்டங்களும் முதல் பாதிப் படிகளும் பாறைக்கு மேற்கே இருக்கின்றன. சூரியன் கிழக்கே எழும்போது அந்தப் பெரிய பாறையே உங்களுக்குக் குடையாக நிற்கிறது. ஒன்பது ஒன்பதரை வரை நிழலிலேயே ஏறலாம். மதியத்துக்கு மேல் போனால் அதே மேற்கு முகம் முழுக்க வெயில் விழுந்து பாறை தணலாகிவிடும், முதல் தடவை நாங்கள் அதில்தான் மாட்டினோம்.

உள்ளே போனதும் அகழி, அதைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்த குளங்கள். 5ஆம் நூற்றாண்டில் வைத்த நீரூற்றுகள், நல்ல மழைக்குப் பிறகு இன்றும் அவற்றில் தண்ணீர் எழும்புகிறது, மோட்டார் எதுவும் இல்லை, உயரத்தில் தேங்கும் நீரின் அழுத்தம் மட்டுமே. இங்கே நின்று படம் எடுக்க ஆசை வரும். எடுக்காதீர்கள், இறங்கி வந்து எடுங்கள், நிழல் போய்க்கொண்டிருக்கிறது.

உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஏறி, சுருள் இரும்புப் படியில் சுற்றிச் சுற்றிப் போனால் ஓவியக் குடைவு. ஒரே ஆள் போகிற அகலம், வலைக்கு அப்பால் வெறும் காற்று. உயரம் என்றாலே பயப்படுகிறவர்கள் முன்னால் போகிறவர் முதுகை மட்டும் பார்த்து ஏறுங்கள், பக்கவாட்டில் பார்க்க வேண்டாம். ஓவியத்துக்கு முன் வந்து நின்றால் அந்தப் பயம் போன இடம் தெரியாது. இடுப்புக்குக் கீழே மேகத்தில் மறைந்து, கையில் பூத்தட்டோடு நிற்கிற பெண்கள். ஒருத்தியின் விரல் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு நான் ஐந்து நிமிடம் நின்றேன்: இதழைக் கிள்ளப் போகிற மாதிரி கட்டைவிரலும் சுட்டுவிரலும் நெருங்கி, தொடாமல் நிற்கும். 1967இல் விஷமிகள் இவற்றின் மேல் பெயின்ட் பூசிக் கெடுத்ததும், பிறகு கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்ததும் நடந்திருக்கிறது. இப்போது அங்கே போட்டோ எடுக்கத் தடை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பாருங்கள்.

அடுத்து கண்ணாடிச் சுவர். ஒரு காலத்தில் முகம் தெரிகிற அளவு பளபளத்த சுண்ணாம்புப் பூச்சு, அதில் பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பாட்டு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பரணவிதான என்கிற தொல்லியல் அறிஞர் அவற்றில் 685 பாட்டுகளைப் படித்து 1956இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பெரும்பாலும் மேலே பார்த்த அந்தப் பெண்களைப் பற்றித்தான். அவர்கள் எழுதினார்களே என்று நாமும் எழுதக் கூடாது. 2015இல் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் இந்தச் சுவரில் பெயரைக் கீறியதற்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள், ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்த பிறகே வெளியே வந்தார். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தக் கதையைக் கீழேயே சொல்லிவிடுங்கள். கையால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம்.

அப்புறம் சிங்க மேடை. வடக்குப் பக்கம், இரண்டு பெரிய பாதங்கள் மட்டும் மிச்சம், நகம் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உட்காருகிற அளவு. முன்பு முழுச் சிங்கமே இருந்ததாம், அதன் வாய் வழியாகத்தான் மேலே போவார்களாம். இங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் ஓய்வெடுங்கள். சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பாறை முகத்தில் குளவிக் கூடுகள் இருக்கின்றன, அவை கலைந்தால் ஒளிவதற்கென்றே வலைக்கூண்டு வைத்திருக்கிறார்கள். காரமான சென்ட் வேண்டாம், கத்தி விளையாட வேண்டாம். குரங்குகளும் இங்கேதான் காத்திருக்கும். பாப்பா கையில் இருந்த வாழைப்பழத்தை உரிக்கும் முன்பே ஒன்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, அதனால் தின்பண்டம் எல்லாம் பைக்குள், பை ஜிப் மூடியபடி.

கடைசி இரும்புப் படி செங்குத்து, காற்று பலமாக அடிக்கும், தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். மேலே போனதும் நான்கு ஏக்கருக்கு ஒரு அரண்மனையின் அடித்தளம் முழுக்க விரிந்து கிடக்கும். பாறையிலேயே வெட்டிய குளம், படி படியாக மேடைகள், நான்கு பக்கமும் காடு. இங்கே இருந்து ஆண்டவன் முதலாம் காசியப்பன், 477 முதல் 495 வரை. தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவன். இந்தியாவுக்குத் தப்பி ஓடிய தம்பி முகலன் படையோடு திரும்பி வருவான் என்கிற பயம் அவனைவிட்டுப் போகவே இல்லை என்பார்கள். அப்படியே வந்தான். சூளவம்சம் என்கிற பழைய இலங்கை வரலாற்று நூல் சொல்கிறபடி, போரில் காசியப்பன் ஏறியிருந்த யானை சேற்றைத் தவிர்க்கத் திரும்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று படை கலைந்து ஓட, அவன் தன் கத்தியாலேயே உயிரை விட்டான். பதினெட்டு வருஷம். அந்தக் குளத்தின் கரையில் உட்கார்ந்து இதைப் பாப்பாவுக்கு மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். போன தடவை கீழே நின்றுவிட்ட அதே இரண்டு பேர். எட்டே கால் மணிக்கு, இன்னும் வெயில் சுடாத காற்றில்.

இறங்கும்போது முழங்கால்தான் கவனம், அவசரப்பட்டு ஓடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் காலை வையுங்கள். இறங்கு வழி நாகபடக் குகைப் பக்கம் பிரிந்து வேறொரு வாகன நிறுத்தத்தில் கொண்டுவிடும், ஆட்டோக்காரரை அங்கே வரச் சொல்லிவிடுங்கள், நுழைவாயிலில் நிற்கச் சொன்னால் திரும்ப நடக்க வேண்டியிருக்கும். மொத்தம் மூன்று மணி நேரம் போதும். முழங்கால் வலி இருக்கிற பெரியவர்கள் நீர்த் தோட்டங்களையும் அருங்காட்சியகத்தையும் நிதானமாகப் பார்த்தாலே நிறைவாக இருக்கும், அவர்களைப் படியில் இழுக்காதீர்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் எதிரே இருக்கிற பிதுரங்கல என்கிற பாறை. டிக்கெட் மலிவு, கடைசிப் பத்து நிமிடம் பாறை இடுக்கில் கையை ஊன்றி ஏற வேண்டும், ஆனால் சிகிரியாவை முழுதாகப் பார்க்க அதுதான் இடம். அடிவாரத்தில் பௌத்த விகாரை இருப்பதால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். எந்த விகாரையிலும் புத்தருக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுக்காதீர்கள், அது அங்கே மரியாதைக் குறைவு.

கொழும்பு, பொழுது சாய்ந்த பிறகு

குளித்துச் சாப்பிட்டுப் பத்தரைக்குக் கிளம்பினால் மூன்றரை நான்கு மணிக்குக் கொழும்பு. தங்க வெள்ளவத்தையைச் சொல்வேன். தமிழர் அதிகம், காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கிடைக்கும், கடல் இரண்டு தெரு தள்ளி. ஒரு சின்ன விஷயம்: நாம் "பேசிக்கிட்டு இருந்தோம்" என்று சொன்னால் அங்கே திட்டிக்கொண்டிருந்ததாகப் புரிந்துகொள்வார்கள், அவர்கள் சொல்வது "கதைக்கிறது". நம்ம தமிழைக் கேட்டதும் அன்பாகக் கதைப்பார்கள். போரைப் பற்றி மட்டும் நாமாகத் துருவிக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் யாரையாவது இழந்திருப்பார்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தரைக்குக் காலி முகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் போட்ட கடலோரத் திடல். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும், சாயங்காலம் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். பிறந்ததிலிருந்து ராயபுரத்துக் கடலைப் பார்த்த எனக்கு, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தண்ணீரைத் தொட்டதும் அடிப்பகுதி தட்டையாகி, பிறகு வேகமாக முழுகிவிடும், கண்ணை எடுத்தால் போச்சு. பட்டம் விடுகிற பிள்ளைகள், குடைக்குள் உட்கார்ந்த ஜோடிகள், வரிசையாக வண்டிக் கடைகள். கடைகளில் கேட்க வேண்டியது இறால் வடை, அங்கே இஸ்ஸோ வடே என்பார்கள். பருப்பு வடையின் மேல் முழு இறாலைத் தலையோடு பதித்துப் பொரித்திருப்பார்கள், மேலே வெங்காயமும் காரச் சாறும். காலையில் பொரித்து அடுக்கியதைத் தொடாதீர்கள், எண்ணெயிலிருந்து இப்போது எடுப்பதைக் கேட்டு வாங்குங்கள். காசிமேட்டுக்காரர்களுக்கு நல்ல இறால் எது என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அடுத்து எதுவாக இருந்தாலும் உங்கள் விருப்பம். கோட்டைப் பகுதியில் டச்சுக்காரர் காலத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தை உணவகங்களாகவும் பார்களாகவும் மாற்றியிருக்கிறார்கள், தடித்த தூண்கள், நடுவில் திறந்த முற்றம், பெண்களோடும் குடும்பத்தோடும் கூச்சமில்லாமல் உட்காரலாம். குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அங்கே ருசி பார்க்க வேண்டியது தென்னங்கள்ளிலிருந்து காய்ச்சுகிற சாராயம், நல்லதாகக் கேட்டு வாங்கி மெதுவாக. வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், திடலிலோ தெருவிலோ வைத்துக் குடிக்கக் கூடாது. சூதாட்ட விடுதிகளின் விளக்கு கண்ணைப் பறிக்கும், இலவசச் சாப்பாடு என்பார்கள், பயணப் பணத்தோடு அந்தப் படி ஏறாதீர்கள். பிள்ளைகள் இருந்தால் தாமரைக் கோபுரம். 350 மீட்டர் உயரம், 2022 செப்டம்பரில் மக்களுக்குத் திறந்தது, இரவில் மேலே நின்றால் துறைமுகத்தின் விளக்கும் கப்பல்களும் தெரியும், பாப்பா அங்கிருந்து நகரவே இல்லை.

புறக்கோட்டை நம்ம பாரிமுனை மாதிரி. பகலில் கால் வைக்க இடமிருக்காது, எட்டு மணிக்கு மேல் ஷட்டர் இறங்கிவிடும், இரவில் அங்கே வேலை இல்லை. பொதுவாகவே வாரநாளில் கொழும்பு பதினொரு மணிக்கு அடங்குகிற ஊர், ஆட்டம் பாட்டம் வேண்டும் என்றால் வெள்ளி, சனி அமையும்படி பயணத்தைப் போடுங்கள்.

ஆனால் எந்த நாளாக இருந்தாலும் இரவுச் சாப்பாடு கொத்து ரொட்டிதான். கடையைத் தேட வேண்டாம், காது கொடுத்தால் போதும். சூடான தகட்டில் இரண்டு தட்டையான இரும்புத் தகடுகள் விழுகிற அந்தத் தாளம் ஒரு தெரு தள்ளியே கேட்கும். நம்ம ஊர்க் கொத்து பரோட்டா மாஸ்டர் ஒரே வேகத்தில் அடிப்பார். அங்கே நாங்கள் பார்த்த மாஸ்டர், நான்கு தட்டு, ஒரு நிறுத்தம், விளிம்பில் ஒரு தட்டு என்று தனக்கென ஒரு தாளம் வைத்திருந்தார், இடையில் முட்டையை உடைக்கும்போதுகூட இடது கை நிற்கவில்லை. மெல்லிய ரொட்டி, கறிக் குழம்பு, கோஸ், லீக்ஸ், பச்சை மிளகாய். ஒரு பிளேட் இரண்டு பேருக்குத் தாராளம், தெரியாமல் நான்கு சொல்லிவிடாதீர்கள். கூடவே ஒரு பிளேன்டீ, பால் இல்லாத சர்க்கரைத் தேநீர்.

இரவில் திரும்ப, கைகாட்டி நிறுத்தும் ஆட்டோ வேண்டாம். முதல் தடவை ஒருவர் மீட்டரைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கு எங்களிடம் வாங்கியது அன்றைய சாப்பாட்டுச் செலவுக்குச் சமம். பிக்மீ என்கிற வாடகை வண்டிச் செயலியில் போட்டால் கட்டணம் முன்பே தெரியும். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு அதன் நகலையும் போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலையில் நேரம் இருந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் வாருங்கள். செவ்வாய்க்கிழமை என்றால் எல்லா மதத்துக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த இடங்களில் அதுவும் ஒன்று, பை சோதனை இருக்கும், பொறுமையாக நில்லுங்கள். என் மனைவி ராயபுரத்தில் ஏற்றுவது போலவே அங்கேயும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். அங்கிருந்து செட்டியார் தெரு நடக்கிற தூரம்தான், கதிரேசன் கோயில்களும் நகைக் கடைகளுமாக இருக்கும். தேயிலையை விமான நிலையத்தில் வாங்காமல் ஊருக்குள் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிடுங்கள், விலை நன்றாகக் குறையும். கட்டுநாயக்கவுக்கு எக்ஸ்பிரஸ் சாலையில் போனாலும் கொழும்புக்குள்ளிருந்து வெளியேறவே நேரம் பிடிக்கும், விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் அறையை விட்டுக் கிளம்புங்கள்.